கடனில் ஓடும் லாரியை விற்றுச் சிறிய வண்டிக்கு மாறலாமா?

கேள்வி: நான் சங்ககிரியைச் சேர்ந்தவன், சொந்தமாக ஒரே ஒரு 12 சக்கர லாரி வைத்திருக்கிறேன். 2023 நவம்பரில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 36 லட்சம் ரூபாய் கடன் பெற்று அதை வாங்கினேன். ஆண்டுக்கு 10.5 விழுக்காடு நிலையான வட்டி, 60 தவணை, மாதம் 77,378 ரூபாய். 26 தவணை கட்டிவிட்டேன். டீசல், டோல், டிரைவர் சம்பளம், டயர் எல்லாம் போக மாதம் சுமார் 70,000 ரூபாய்தான் நிற்கிறது. குறைவதைக் கைமாற்று வாங்கிக் கட்டுகிறேன். இதை விற்றுவிட்டு, 12 டன் மொத்த எடை கொண்ட 2021 மாடல் ஆறு சக்கர வண்டி ஒன்றை 14 லட்சத்துக்கு வாங்க நினைக்கிறேன். அதற்கு 11 லட்சம் கடன் தருகிறார்கள். 15 விழுக்காடு வட்டி, 36 மாதம், தவணை 38,132 ரூபாய். கார் லைசென்ஸ் வைத்திருக்கும் என் மகனே ஓட்டுவான் என்பதால் டிரைவர் சம்பளம் 22,000 ரூபாய் மிச்சமாகி, மாதம் 45,000 நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். என் லாரிக்கு ஒருவர் 24.5 லட்சம் தருகிறார். இன்னொருவர் 3 லட்சம் ரொக்கமாகத் தந்துவிட்டு மீதித் தவணைகளைத் தானே கட்டிக்கொள்வதாகவும், முத்திரைத் தாளில் எழுதித் தருவதாகவும் சொல்கிறார். கடனுக்கு என் மைத்துனர் ஜாமீன் போட்டிருக்கிறார். எது சரி?

பதில்: இரண்டாவது ஆளுக்கு இன்றே மறுப்புச் சொல்லிவிடுங்கள். புது வண்டிக்குத் தேவையான 3 லட்சம் முன்பணம் அப்படியே கைக்கு வருகிறது என்பதால் அந்த வழி உங்களுக்கு எளிதாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால், தவணையோடு லாரியைக் கைமாற்றிவிட்டு, அதன் பிறகு வழக்குக் கட்டோடு வழக்கறிஞரைத் தேடி வருபவர்களிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த முத்திரைத் தாள்தான். அது அவர்களை நிதி நிறுவனத்திடமிருந்தும் காப்பாற்றுவதில்லை, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் காப்பாற்றுவதில்லை.

காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் எச்.பி. பதிவு, அதாவது வண்டி கடனில் இருப்பதைக் காட்டும் பதிவு, இருக்கும் வண்டியை நிதி நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு. ஆகவே லாரி வேறொருவர் கையில் ஓடும். பதிவேட்டில் உரிமையாளர் நீங்களாகவே இருப்பீர்கள். அந்த லாரி ஒருவர்மீது மோதினால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்த்துவைத்தது. பெயர் மாற்றாமலே பல கை மாறிய ஒரு கார் தொடர்பான அந்த வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், தான் எப்போதோ விற்றுவிட்டதாகச் சொல்லி அவர் தப்ப முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. வாங்கியவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, உரிமம் இல்லாத ஒருவரை ஓட்டவிட்டாலோ, அந்த இழப்பீடு முழுவதும் உங்கள் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும்.

கடன் பக்கம் பார்த்தாலும் நிலைமை இதுவே. முத்திரைத் தாள் ஒப்பந்தம் உங்களையும் வாங்குபவரையும் மட்டுமே கட்டுப்படுத்தும். நிதி நிறுவனம் அதில் கையெழுத்திடாதவரை கடனாளி நீங்கள், ஜாமீன்தாரர் உங்கள் மைத்துனர். வாங்கியவர் நான்கு தவணை கட்டிவிட்டு ஐந்தாவதை நிறுத்தினால், லாரி எந்த மாநிலத்தில் நிற்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. அடமானத்தில் உள்ள வண்டியை அனுமதியின்றி அப்புறப்படுத்தினீர்கள் என்று உங்கள்மீதே நம்பிக்கை மோசடிப் புகார் வரவும் இடமுண்டு. உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட உறவினரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி 24.5 லட்சம் தருபவரைப் பற்றிப் பார்ப்போம். இதில் சட்டச் சிக்கல் குறைவு, ஆனால் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். நீங்கள் கட்டிய 26 தவணைகளில் தொடக்கத் தவணைகளின் பெரும்பங்கு வட்டிக்கே போயிருப்பதால், நீங்கள் சொன்ன வட்டியில் மீதமுள்ள அசல் ஏறத்தாழ 22.67 லட்சம். அதை முன்கூட்டியே அடைக்கும்போது ஒப்பந்தத்தில் 4 விழுக்காடு கட்டணம் என்று இருந்தால், அதன்மீது சேர்க்கப்படும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யோடு 1.07 லட்சம் ஆகும். தரகும் போனால் உங்கள் கையில் நிற்பது 50,000 ரூபாய்க்குச் சற்று மேல்; புது வண்டிக்கான 3 லட்சத்தில் இரண்டரை லட்சத்தை மறுபடி வெளியில்தான் வாங்க வேண்டும்.

முன்கூட்டியே அடைக்கும் கடனுக்குக் கட்டணமே கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். 2025 ஜூலையில் வந்த அந்த உத்தரவு, 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும், மாறும் வட்டிக் கடன்களுக்கானது. 2023-இல் நிலையான வட்டியில் பெற்ற உங்கள் கடனுக்கு ஒப்பந்தத்தில் எழுதியதே பொருந்தும். ஆகவே முதல் வேலையாக, குறிப்பிட்ட ஒரு தேதிக்கான முன்அடைப்புக் கணக்கு அறிக்கையை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தாமதமாகக் கட்டிய மாதங்கள் இருந்தால் அபராதத்தையும் அதில் கவனியுங்கள்: ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையின்படி, 2024-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அபராதத்தைக் கூடுதல் வட்டியாக ஏற்றவும் கூடாது, அதன்மீது வட்டி போடவும் கூடாது. அந்த அபராதத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. தவறாக ஏற்றியிருந்தால் நீக்கக் கோரி எழுதுங்கள்; 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

உங்கள் கணக்கில் எனக்கு மிகுந்த கவலை தருவது மகன் ஓட்டுவான் என்ற வரிதான். கார் உரிமம் உள்ளவர் சரக்கு வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது உண்மை; ஆனால் அது மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டும். நீங்கள் பார்த்திருக்கும் வண்டி 12 டன். கார் உரிமத்தோடு அவர் அதை ஓட்டி விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க நேர்ந்தாலும் அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலிக்கும் உரிமையைப் பெற்றுவிடும். எனவே அவர் கனரக உரிமம் எடுக்கும்வரை டிரைவர் வைத்தே ஆக வேண்டும். அப்போது 45,000 என்பது 23,000 ஆகிவிடும், தவணையோ 38,132. இன்று மாதம் 7,378 ரூபாய் துண்டு விழுகிறது. வண்டி மாற்றிய பிறகு 15,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழும். கார் உரிமம் எடுத்து ஓராண்டு நிறைந்து, 20 வயதும் முடிந்திருந்தால், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிச் சான்றோடு மகன் கனரக உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்படி எடுத்துவிட்டால் அவர் இப்போதுள்ள 12 சக்கர லாரியையே ஓட்டலாமே! டிரைவர் சம்பள மிச்சம் மகனின் உரிமத்தால் வருவது. சிறிய வண்டியின் கணக்கில் அதைச் சேர்த்ததால்தான் இந்த மாற்றம் இலாபமாகத் தெரிகிறது.

அதனால்தான், விற்பதற்கு முன் மூன்றாவது வழி ஒன்றை முயன்று பாருங்கள் என்கிறேன். மீதி 34 மாதத்தை 48 மாதமாக நீட்டித்துத் தரும்படி நிதி நிறுவனத்துக்கு, வருமான விவரத்தையும் இதுவரை ஒழுங்காகக் கட்டிவந்ததையும் காட்டி, எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அதே வட்டியில் தவணை ஏறத்தாழ 58,000 ஆகக் குறையும். கூடுதல் வட்டி மொத்தத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்கு வரும். இன்றைய 70,000 வருமானத்திலேயே தவணை போகச் சுமார் 12,000 மிஞ்சும். உங்கள் மகன் உரிமம் பெற்றுச் சிறிய வண்டியை ஓட்டினால்கூட மிஞ்சுவது 7,000-க்கும் குறைவு என்பதோடு இதை ஒப்பிடுங்கள். முடிவில் கடனில்லாத பெரிய லாரி உங்களிடம் இருக்கும்; மற்றதில், கடன் முடியும் 2029-இல் வண்டிக்கு எட்டு வயதாகி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த எஃப்.சி.யை (வண்டித் தகுதிச் சான்றை) ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும்.

நீட்டிப்பை உரிமையாகக் கோர முடியாது, நிறுவனம் மறுக்கலாம். கொடுத்தாலும் மறுசீரமைத்த கடன் என்று உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகக்கூடும் என்பதால், அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். மைத்துனரின் கையெழுத்தையும் நிறுவனம் கேட்கும். அவர் சம்மதமின்றிக் கடன் நிபந்தனையை மாற்றினால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின்படி, அதற்குப் பின்னான பொறுப்பிலிருந்து ஜாமீன்தாரர் விடுபடுவார் என்பதே காரணம். அவரிடம் முன்னதாகவே விவரத்தைச் சொல்லிவிடுவது முறை.

நிறுவனம் மறுத்து, விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், 24.5 லட்சத்தை முடிந்த விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய லாரிக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததைச் சொல்லித் தரகர்கள் பழைய வண்டி விலையைக் குறைத்துக் கேட்பார்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பேரம் முடிந்ததும் வாங்குபவரின் பணம் உங்கள் கையில் தங்காமல், முன்அடைப்புத் தொகை நேரடியாக உங்கள் கடன் கணக்கில் வங்கி வழியாகச் செலுத்தப்படட்டும். மீதியை மட்டும் நீங்கள் பெறுங்கள். கடன் முடிந்த கடிதத்தையும் ஆட்சேபணையின்மைச் சான்றையும் நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் பெற்று எச்.பி.யை நீக்கச் செய்து, படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றம் ஆனதை ஆர்.சி.யில் கண்ணால் பார்த்த பிறகே விற்பனை முடிந்ததாகக் கொள்ளுங்கள். அதே நிறுவனத்தில் உங்களுக்கோ, மைத்துனருக்கோ வேறு கடன் இருந்தால், அதையும் அடைத்தால்தான் சான்று தருவோம் என்று சொல்ல வழிவகுக்கும் பிரிவு பல ஒப்பந்தங்களில் உண்டு. விலை பேசும் முன்பே உங்கள் ஒப்பந்தத்தில் அதைத் தேடிப் பாருங்கள்.

பெர்மிட் தானாக மாறாது. லாரியோடு பெர்மிட்டையும் கொடுப்பதென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 82-ஆவது பிரிவின் கீழ்ப் போக்குவரத்து அதிகாரியின் அனுமதி வேண்டும். பெர்மிட்டை வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் மாற்றுவதற்கு 83-ஆவது பிரிவு அதே தன்மையுள்ள வண்டிக்கே இடம் தருவதால், சிறிய வண்டிக்குப் புதிய பெர்மிட் எடுக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பனை வியாபாரியிடம் எக்ஸ்சேஞ்ச் செய்வதானால், அவர் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்றவரா என்று பார்த்து, வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் பதிவு செய்த பிறகே சாவியைக் கொடுங்கள். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கும். அதற்குள் தவணையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் நீட்டிப்புக் கேட்கும் தகுதியும் போகும், விலை பேசும் வலுவும் போகும். தவிர்க்க முடியாமல் தவறினால், அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் பிரகாஷ் கவுர் வழக்கில் கண்டித்திருப்பதையும், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியிருப்பதையும் நினைவில் வையுங்கள். வழியில் யாராவது லாரியை மறித்தால், எதிர்த்துக் கைகலக்காமல் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் முன்னறிவிப்பையும் நீதிமன்ற அல்லது நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) உத்தரவு இருந்தால் அதன் நகலையும் கேட்கும்படியும், எதுவும் காட்டாவிட்டால் 112-க்கு அழைக்கும்படியும் டிரைவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நடுவர் தீர்ப்பாயத்திலிருந்து உங்களுக்கோ மைத்துனருக்கோ அஞ்சலில் ஏதேனும் வந்தால், வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பாமல் அன்றே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் நடவடிக்கை தொடர்ந்து நடந்து, லாரியை ஒப்படைக்கும்படி இடைக்கால உத்தரவு வந்துவிடும்.