உயரமும் தனிமையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் மாணவர்களை மலைநாட்டின் உச்சியிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அங்கு மரவகைகள் குறைவாகவே தெரிந்தன. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலைக் காட்டில் அதைவிடக் கூடுதலாகக் காணலாம் என்று தோன்றியது. வழிகாட்டியோ, இலங்கைக்கே உரிய தாவரங்கள் மலைநாட்டில்தான் செறிந்துள்ளன என்றார். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் வகைகளை எண்ணியிருக்கிறீர்கள். அவர் அவற்றுள் வேறெங்கும் இல்லாதவற்றின் பங்கைச் சொல்லியிருக்கிறார். வெப்பமண்டல மலைகளில் இவ்விரண்டும் உயரத்தோடு ஒரே விதமாக மாறுவதில்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறைகிறது. அடிவாரம் வறண்ட மலைகளில் கீழே நீர் போதாது, உச்சியில் சூடு போதாது. இரண்டும் கிடைத்து முகிலும் தங்குகிற இடைச்சரிவில் பன்னங்களும் மரங்களில் தொற்றி வளரும் ஓர்க்கிட்டுகளும் பெருகுவதால், மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் அங்கேதான் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேலே எண்ணிக்கை சரிய, அவ்விடத்துக்கே உரியவற்றின் விகிதம் பெரும்பாலும் ஏறிச் செல்கிறது. பூச்சிகளைக் குடுவை போன்ற இலைகளில் பிடிக்கும் போர்னியோவின் ராஜா குடுவைச்செடி 4095 மீற்றர் உயரமான கினபாலுவிலும் அயலிலுள்ள தம்புயுகோன் மலையிலும் மட்டுமே, 1500 மீற்றருக்கு மேல்தான் வளர்கிறது.

ஹோர்ட்டன் சமவெளியில் செந்நிறமாகப் பூக்கும் ரொடடென்ட்ரன் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனம் இமயமலையிலும் நீலகிரியிலும் உண்டு. ஆயினும் இடையிலுள்ள சூடான சமவெளிகளைத் தாண்டி விதையும் மகரந்தமும் கலக்க வழியில்லாததால், இலங்கை மரம் தனித் துணையினமாகவே பிரிந்துவிட்டது.

ஆகவே உயரத்தைவிடத் தனிமையே முதற்காரணம் என்பேன். இலங்கையின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜ வனம் தாழ்ந்த நிலத்தில் இருந்தும், அதன் மரவகைகளுள் பாதிக்கு மேல் இலங்கைக்கே உரியவை. ஈரக்காடான அதற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்கும் நடுவே அகன்ற வறண்ட நிலம் கிடக்கிறது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகங்களில் இலங்கை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தபோதும் அந்த வறட்சி மழைக்காட்டுச் செடிகளைத் தடுத்தது. நம் பக்கத்து வறண்ட காட்டு மரங்களான பாலை, வீரை, முதிரை ஆகியவற்றுக்கு அத்தடை இல்லை. அவை மூன்றும் தமிழ்நாட்டிலும் வளர்கின்றன.

குடும்பிமலை ஏறத்தாழ 500 மீற்றர்தான். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 3 பாகை வேறுபாடு இருக்கலாம். தனித்த மலைத்தாவரங்கள் உருவாக அது போதாது. மாணவர்களோடு தேடுவதென்றால் உச்சியை விட்டு ஆற்றோரங்களைப் பாருங்கள். இலங்கையில் ஈரவலயத்துக்கே உரியது எனக் கருதப்படும் எண்ணெய்மரக் குடும்பத்தில், கிழக்கின் வறண்ட காடுகளில் ஆற்றோரமாக வளரும் வட்டிக்கா ஒப்ஸ்கூரா என்ற மரம் ஒன்று உண்டு. அதுவும் இலங்கைக்கே உரியது.