தமிழ்நாட்டு முகாமில் இருப்பது தற்காலிகப் பாதுகாப்பா, அகதி அந்தஸ்தா?

1983 கலவரத்தில் இலங்கையின் ஹட்டன் தோட்டத்திலிருந்து தமிழ்நாடு போன குடும்பத்தைப் பற்றிய கேள்வி இது. சட்டப்படி பார்த்தால் இரண்டுமே இல்லை. அகதி அந்தஸ்துக்கு அடிப்படையான 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை (இலங்கையும்தான்). முகாம் அரசு ஆணையில் ஓடுகிறது. தற்காலிகப் பாதுகாப்பு என்பது கூட்டமாக வருவோரை ஆளுக்காள் விசாரிக்காமல் ஏற்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் விதி எழுதியும், 2022இல் உக்ரேனியருக்குத்தான் முதன்முதலில் பயன்படுத்தியது.

கைகொடுப்பது நம் இலங்கைச் சட்டம்தான். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை தந்தது. இந்தியாவுக்கு ஓடியவர்களை 2009 திருத்தம் சேர்த்தது. சிக்கல் வருவது பெயரில்: தோட்டப் பதிவில் 'மாரியாயி', முகாம் அட்டையில் 'மாரியம்மாள்' என்றிருந்தால் இழுபறிதான். முதலில் பழைய பிறப்புப் பத்திரத்தைத் தேடுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும்.