பலகாரம் சுட்ட எண்ணெயை எங்கே போடுவது?

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு வந்து முதல் தீபாவளி, முறுக்கும் அதிரசமும் சுட்டு முடித்தாயிற்று, வாணலியில் இரண்டு லிட்டர் எண்ணெய் மிஞ்சிக் கிடக்கிறது, சிங்க்கில் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. வேண்டவே வேண்டாம். சுடுதண்ணீரும் சோப்பும் சேர்த்து ஊற்றினால் போய்விடும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். நம் கண்ணைவிட்டுத்தான் போகும். குழாயில் கொஞ்ச தூரம் ஓடி ஆறியதும் பிசுக்காகப் படிந்துவிடும். இந்த ஊர்க் குளிரில் தேங்காயெண்ணெய் பாட்டிலோடு உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே. அடுக்குமாடியில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் அவதிப்படுவது கீழ்வீட்டுக்காரர்கள்.

நெதர்லாந்தில் இதற்கென்றே மஞ்சள் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். பல சூப்பர்மார்க்கெட்டுகளிலும், சில விளையாட்டுக் கிளப்புகளிலும், நகராட்சியின் குப்பை சேகரிப்பு நிலையத்திலும் இருக்கும். பக்கத்தில் எது என்று இணையத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

எண்ணெய் நன்றாக ஆறட்டும். சூட்டோடு ஊற்றினால் பிளாஸ்டிக் பாட்டில் நெளிந்துவிடும். அப்புறம் புனல் வைத்து, வாங்கிய பாட்டிலிலேயே திருப்பி ஊற்றி, மூடியை இறுக்கி, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். பாட்டிலோடு அப்படியே தொட்டிக்குள் போட வேண்டும், திறந்து கவிழ்க்கக் கூடாது. வாணலியைக் கழுவுமுன் காகிதத்தால் வழித்தெடுங்கள். அந்தக் காகிதம் மற்ற குப்பையோடு போகட்டும். காருக்குப் போடும் எஞ்சின் ஆயிலை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அது அபாயக் குப்பைக் கணக்கு.

சேரும் எண்ணெய் வாகன எரிபொருளாகிறது. ராட்டர்டாமில் 2011 முதல் இயங்கும் நெஸ்டே என்ற எரிபொருள் நிறுவனத்தின் ஆலையில் பழைய சமையல் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் டீசலாகின்றன. நம் வீட்டு எண்ணெய்க்கு இப்படி ஒரு வேலை இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கொட்ட மனம் வராமல் அதே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிக்கவும் வேண்டாம். கெட்டுப்போன எண்ணெய்க்கு நம் இந்தியாவிலேயே 2018 ஜூலை முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள்: சூட்டில் எண்ணெய் சிதைந்து உருவாகும் துருவச் சேர்மங்கள் (polar compounds) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்று. டிசம்பர் 31 அன்று இங்கே வீட்டுக்கு வீடு ஓலிபொல்லன் என்ற மாவு உருண்டைகளை எண்ணெயில் பொரிப்பார்கள். அதற்குப் பிறகு தொட்டி நிரம்பியிருந்தால் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு வராதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த வாரம் போடுங்கள்.