மஞ்சளைத் தொட்டதும் அம்பு பறக்கிறது!

அம்மாபேட்டைத் தாய் ஒருவர்: 14 வயது மகள் வில்வித்தை பழகுகிறாள். குறி மஞ்சள் வட்டத்தைத் தொட்டதுமே அம்பை விட்டுவிடுகிறாள். திட்டியும் பயனில்லை.

முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். இது அவசரபுத்தி அல்ல. தேர்ந்த வில்லாளிகளையும் பிடிக்கும் குறிப் பதற்றம். மஞ்சளைக் கண்டால் விரல் விட வேண்டும் என்று மூளை முடிச்சுப் போட்டுக்கொண்டது. 70 மீட்டரில் நின்று அதை அவிழ்க்க முடியாது. இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு, பயிற்சியாளர் அருகில் இருக்க, மூன்று மீட்டரில் நின்று, அம்பு தைக்கும் வெறும் மெத்தையில் எய்யட்டும். நாண் இழுத்ததும் கண்ணை மூடி, அது தாடையில் பதிவதையும் முதுகு இறுகுவதையும் கவனித்தால் போதும். சில வாரங்கள் கழித்துத் தாளை மாட்டுங்கள். அப்போதும் பாதி முறை, மஞ்சளில் குறி நிறுத்திவிட்டு எய்யாமலே நாணைத் தளர்த்த வேண்டும். பிள்ளைக்குச் சலிப்பு வரும். வரட்டும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: வீட்டில் விழும் கேரம் காய் போட்டியில் விழுவதில்லை.

உங்கள் கண் காய்க்கும் பாக்கெட்டுக்கும் எதிராளி முகத்துக்குமாக அலைகிறது என்று நினைக்கிறேன். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் கூடைப்பந்தில் யாரும் மறிக்காமல் வளையத்துக்கு எறியும் ஃப்ரீ த்ரோவை ஆராய்ந்து 1996இல் எழுதினார்: தேர்ந்தவர்கள் கை எழும் முன்பே வளையத்தில் பார்வையை ஊன்றி, மற்றவர்களைவிட நீண்ட நேரம் அசைக்காமல் வைக்கிறார்கள். கேரமுக்கு நான் சொல்லித்தருவது இதையொட்டியே. ஸ்ட்ரைக்கர் காயில் படவேண்டிய ஒரு புள்ளியைப் பாருங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுச் சுண்டுங்கள். விரல் எப்படி மடங்குகிறது என்று அந்த நேரத்தில் யோசித்தால் கெட்டது.

ஏற்காட்டு மாணவர்: பஸ்ஸில் சேலம் வந்து ஏர் பிஸ்டல் பழகுகிறேன். கை ஆடுகிறது.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கிய தலையோடு உடனே சுடாதீர்கள், அரைமணி உட்காருங்கள். மற்றபடி, எல்லோர் கையும் ஆடும். 10 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலமே 11.5 மில்லிமீட்டர்தான். ஆட்டத்தோடு மல்லுக்கு நிற்காமல், பிஸ்டல் முனையில் உள்ள முன்குறியைத் தெளிவாகப் பார்த்து, விசையைச் சீராக அழுத்துங்கள். இலக்கு மங்கலாகவே தெரியும். அதற்காகக் கண் டாக்டரிடம் ஓடியவரை அறிவேன்!

அஸ்தம்பட்டி வாசகர்: தினமும் மெழுகுவர்த்திச் சுடரை உற்றுப் பார்த்தால் குறி கூர்மையாகுமா?

மனம் அமைதியாகலாம். குறி, குறி வைத்துப் பழகினால்தான் வரும்.

இன்னொருவர்: படபடப்பைக் குறைக்க மாத்திரை போடலாமா?

கூடவே கூடாது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு இரண்டு பதக்கங்களை இழந்தது அதனால்தான். இதய நோய்க்காக டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் தானாக நிறுத்திவிடாமல், போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் விலக்கு கேட்டு விண்ணப்பியுங்கள்.