ஜப்பானில் ஒரே ஒரு மாணவிக்காக ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருந்தார்கள் என்பது உண்மையா?

இல்லை. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அந்தச் செய்தி வந்திருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் படித்தது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், கிதாமி என்ற ஊரில். அந்தத் தீவின் பெரிய நகரமான சப்போரோவுக்குப் போய்வர எனக்கு இருந்தது அந்த நிலையத்தின் வழியாகப் போகும் செகிஹொகு ரயில் பாதைதான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

2016 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுற்றிய படம் காமி-ஷிராதகி நிலையம். அந்த மாணவி ஏறி இறங்கியதோ, ஷிராதகிக்கு மறுபக்கம் இருந்த க்யூ-ஷிராதகியில். இந்த இரண்டையும் ஷிமோ-ஷிராதகியையும் ஆள் வராததால் மூடுவதென்று முந்தைய ஆண்டே முடிவாகிவிட்டது. ஜப்பானில் ரயில் அட்டவணை மாறுவதும் பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில்தான். 2016 மார்ச் 26 அன்று மூன்றும் மூடப்பட்டன, அவள் படிப்பும் அந்த மாதமே முடிந்தது. அதே மார்ச் 26இல்தான் இந்த நிலையங்களை நடத்திய ஜேஆர் ஹொக்கைடோ நிறுவனம் ஹொக்கைடோவின் முதல் ஷிங்கான்சென் அதிவேக ரயிலைத் தொடங்கியது. கண்ணீர்க் கதை சொல்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஜப்பானை மட்டம் தட்டுகிறேன் என்று சண்டைக்கு வரவேண்டாம். நாளுக்குப் போக ஒரு ரயில், வர ஒரு ரயில் என்று ஆன பிறகும் 1932இல் திறந்த காமி-ஷிராதகியை அவ்வளவு காலம் வைத்திருந்தார்கள், அதை மதிக்கிறேன். இன்று காமிகாவா நிலையத்தை விட்டால் ஷிராதகி வரை 37.3 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம்கூடக் கிடையாது. பனிக்காலத்தில் அந்தக் காட்டைக் கடக்கும்போது ஒரு வீட்டு விளக்காவது தெரியுமா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பாதையில் எனக்குப் பிடித்த நிலையம் எங்காரு. சின்ன ஊர்தான், ஆனால் அங்கே எல்லா ரயிலும் திசை மாறும். முதல் தடவை போனபோது ரயில் நின்றதும் சுற்றி இருந்தவர்கள் எழுந்து இருக்கைகளைத் திருப்பிப் போட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி என் இருக்கையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு விளக்கம் சொன்னார். முன்பு அங்கிருந்து வடக்கே நயோரோ பாதை நேராகப் போனது. 1989இல் அதை மூடிவிட்டார்கள். மிச்சமிருக்கும் இரண்டு பாதைகளும் ஒரே பக்கத்திலிருந்து வந்து சேர்வதால், வந்த ரயில் பின்னோக்கித்தான் கிளம்ப வேண்டும். கிதாமி வெங்காயத்தை ஏற்றிப்போகும் சரக்கு ரயிலுக்கு இதற்காகவே இரண்டு முனையிலும் எஞ்சின் மாட்டுவார்கள்.

எங்காருவிலிருந்து கிதாமி போகும் வழியில் ஜோமோன் சுரங்கம் வரும். நீளம் 507 மீட்டர்தான். 1912 முதல் 1914 வரை, ஏமாற்றிக் கூட்டிவந்து அடைத்துவைத்த கூலிகளை வைத்துத் தோண்டினார்கள். செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். 1970இல் பழுது பார்க்கும்போது சுவருக்குள் நின்ற நிலையில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. இந்தப் பாதையைப் பற்றி ஒரு செய்தியைத்தான் பரப்ப வேண்டும் என்றால் இதைப் பரப்புங்கள்.

அப்புறம் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். மூடுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் நான் எடுத்த காமி-ஷிராதகி படத்தை ஒரு வீடியோ சேனல் கேட்காமல் எடுத்து, யாரோ ஒரு சீருடைப் பெண்ணை அதில் ஒட்டி, சோகப் பாட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறது. நீக்கச் சொல்லி எழுதினேன். என்னைத் தடை செய்துவிட்டார்கள், வீடியோ இன்னும் இருக்கிறது.