ஒரே கிணறு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம்ங்க. நான் கோபி பக்கம். பதினோரு வருசமாக வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைத் தியானம் செய்கிறேன். புருவ நடுவில் கவனம் வைக்கிற ஆக்ஞைத் தவமும் காயகல்பப் பயிற்சியும் ஒரு நாள் விட்டதில்லை. என் கோபம் குறைந்ததே அதனால்தான், வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒரு வருசமாக உட்கார்ந்தால் கடிகாரம் பார்க்கத்தான் தோன்றுகிறது. விபஸ்ஸனா என்கிற பௌத்த தியானத்தின் பத்து நாள் முகாமுக்குப் போகலாமா என்று யோசனை. ‘பத்து இடத்தில் பத்தடி தோண்டினால் தண்ணி வராது, ஒரே இடத்தில் நூறடி தோண்டு’ என்கிறார் நண்பர். குருவுக்குத் துரோகம் செய்கிறேனோ என்று உறுத்துகிறது.

(பெயர் வேண்டாம்ங்க)

அன்புள்ள தம்பி,

அந்தக் கிணற்றுக் கதை ராமகிருஷ்ணர் சொன்னது. சொன்னவர் என்ன செய்தார்? காளி கோயில் பூசாரி, பைரவி பிராமணியிடம் தாந்திரிகம் பயின்றார், தோதாபுரியிடம் அத்வைதம் கேட்டார். 1866இல் சில நாள் இஸ்லாமிய முறைப்படித் தொழுதார். அந்த நாட்களில் காளி கோயில் பக்கமே போகவில்லை. ஒன்றில் இருக்கும்போது அதில் மட்டும் இருந்தார், அவ்வளவுதான்.

அதுவும் அவர் இருந்தது கங்கைக்கரை. நம்மூர்க் கிணறு வேறு. எங்கள் அப்பாரு காலத்துக் கிணற்றில் எழுபது அடியில் பாறை. தண்ணீர் இறங்கிய வருசம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரிக் வண்டியைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் ஆயிரம் அடி ஓட்டினார். புகைதான் வந்தது. அப்பாரு பழைய கிணற்றுக்குள்ளேயே ஆளை இறக்கி மூன்று திசையில் பக்கவாட்டில் துளை, அதாவது சைடு போர், போடச் சொன்னார். இரண்டு பக்கம் ஒன்றும் இல்லை, கிழக்கே போட்டதில் ஊறியது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

வேதாத்திரி மகரிஷியும் ஒரே ஊற்றில் குடித்தவர் இல்லை. கூடுவாஞ்சேரி நெசவுக் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். குண்டலினி தீட்சை பரஞ்ஜோதி மகானிடம் பெற்றது, காயகல்பம் சித்தர் நூல்களை ஆராய்ந்து எடுத்தது, உடற்பயிற்சி தாமே வகுத்தது. இதில் துரோகம் எங்கே வந்தது?

எனக்கு வேறொரு சந்தேகம்தான் பெரிது. அந்தக் கடிகாரம். இந்த விபஸ்ஸனா முகாம்களைப் பரப்பிய கோயங்கா முதலில் தம் பர்மிய ஆசிரியர் ஊ பா கின்னிடம் போனது தீராத ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடித்தான். ‘தலைவலிக்காக என்றால் வராதே’ என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். மனசு மாறிய பிறகுதான் சேர்த்துக்கொண்டார். நீங்களும் சலிப்புக்கு மருந்தாகப் போனால் மூன்றாம் நாள் மத்தியானம் அதே சலிப்பு அங்கேயும் வந்து பக்கத்துப் பாயில் உட்காரும். பேசவும் ஆள் இருக்காது, கையில் போனும் இருக்காது. கோவையில் வாரம் ஒரு வகுப்பு என்று சான்றிதழ் சேர்க்கிற சிலரை எனக்குத் தெரியும், அவர்கள் சலிப்பை மட்டும் மாற்றிக்கொண்டதே இல்லை.

நானும் சில வருசம் ஆக்ஞை செய்தவன். முகாமில் முதல் மூன்று நாளும் மூக்குக்குக் கீழே மூச்சு படுவதைக் கவனி என்பார்கள். எனக்கோ இரண்டாம் நாளும் கவனம், பழகின மாடு கட்டுத்தறிக்குப் போவதுபோல, புருவ நடுவுக்கே ஏறிப் போனது. அங்கே குறுகுறுப்பு, சுகம் வேறு. ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்து ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். ‘போனது தெரிந்ததா? தெரிந்தால் மூக்குக்குக் கூட்டி வாங்க’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் நூறு தடவையாவது கூட்டி வந்திருப்பேன். ஆனால் பின்னால் ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்காரச் சொன்னபோது புதிதாக வந்தவர்கள் நெளிந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அது பழைய தவம் கொடுத்தது.

அதனால் போய் வாருங்கள். அந்தப் பத்து நாளும் வேறு தவம், ஜபம், பூஜை எதுவும் கூடாது என்பது அவர்கள் விதி. காயகல்பத்தையும் நிறுத்துங்கள், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிசம் ஆக்ஞை செய்து பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். இது தேவலையா அது தேவலையா என்ற கணக்கைத் திரும்பி வந்து ஆறு மாசம் கழித்துப் போடலாம்.

மஞ்சள் வெட்டு முடியட்டும், அப்புறம் தேதி வாங்குங்கள். காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், அது உங்களுக்குப் பழக்கம்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு டீயும் பழமும், அதோடு சரி, ராத்திரிச் சாப்பாடு கிடையாது. இதை மட்டும் உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், விடமாட்டார்கள்.

அன்புடன்,
அண்ணன்