மகளின் சாரணியர் படையில் பெற்றோருக்கு என்ன வேலை?

கேள்வி: என் 12 வயது மகள் ஆறு மாதமாகச் சாரணியர் படையில் இருக்கிறாள். வாரக் கூட்டத்திற்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை வாசலிலேயே காத்திருக்கிறேன். படைத் தலைவி ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வதைப் பார்க்கும்போது உதவத் தோன்றுகிறது. மகளோ, "நீ உள்ளே வந்தால் நான் நின்றுவிடுவேன்" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: மகளின் பேச்சில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கும் பெண்ணாக அல்லாமல் வேறு விதமாக இருந்து பார்க்க அவளுக்குக் கிடைத்திருக்கும் சில இடங்களுள் அந்தக் கூட்டமும் ஒன்று. 1909ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் தாமாகவே வந்து நின்று இடம் கேட்டதன் விளைவாகவே, மறு ஆண்டு அவருடைய சகோதரி ஆக்னஸின் தலைமையில் சாரணியர் இயக்கம் தொடங்கியது. பெற்றோர் கைபிடித்து அழைத்துவந்து சேர்த்ததால் உருவான இயக்கமன்று அது!

ஆகவே, முதலில் படைத் தலைவியிடம் தனியே பேசி, எந்த வேலை அவரை அதிகம் அலைக்கழிக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பிள்ளைகள் முன் நிற்கும் வேலையாக இராது. அனுமதிப் படிவங்களை வாங்கிச் சேர்ப்பது, சந்தாக் கணக்கை எழுதுவது, முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்துகளை மாற்றுவது போன்றவையே மிஞ்சிக் கிடக்கும். முகாம் முடிந்து வந்த கூடாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு மடித்துப் பையில் திணித்துவிட்டால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துத் துணி வீணாகிவிடும் என்பதால், மறுநாளே விரித்துக் காயவைத்து, முளைகளை எண்ணிக் கட்டிவைக்க ஒருவர் தேவை. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் படைத் தலைவி உங்களை மறக்கமாட்டார். மகளுக்கும் அதில் சங்கடமில்லை.

பின்னாளில் மகளே சம்மதித்தால் உள்ளே செல்லலாம். அப்போதும் அவள் இல்லாத அணியோடு இருப்பதே நல்லது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அங்கே கடினம். இடக் கயிற்றை வலக் கயிற்றின் மேலும், அடுத்து வலதை இடதின் மேலும் போட்டு முடிய வேண்டிய முடிச்சில், இரண்டு முறையும் ஒரே விதமாகப் போட்டுவிட்டால் இழுக்கும்போது நழுவக்கூடும். அது நழுவுவதைப் பார்த்துத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறாள். நீங்கள் பிடுங்கிச் சரியாக முடிந்து கொடுத்தால் கற்றது நீங்கள்தான். சிறு அணிகளாகப் பிரிந்து, தம்முள் ஒருத்தியைத் தலைவியாகக் கொண்டு, தாமே முடிவெடுத்துப் பழகுவதற்காகவே அணிமுறை வகுக்கப்பட்டது.

பின்னணிச் சரிபார்ப்பு, பாதுகாப்புப் பயிற்சி என்று ஏதேனும் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். பிறர் பிள்ளையோடு தனியே இராதீர்கள். இன்னொரு பெரியவரும் உடனிருக்கட்டும். சிறுமியருக்குத் தனிச் செய்தி அனுப்புவதும், பெற்றோரைக் கேளாமல் படம் எடுத்துப் பகிர்வதும் கூடவே கூடாது. பணத்தை இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவது உங்களுக்கும் பாதுகாப்பு.

கேள்வி: நான் ஒரு தந்தை. பெண் பிள்ளைகளின் படையில் எனக்கு இடமுண்டா?

பதில்: உண்டு, ஆனால் சங்கத்திற்குச் சங்கம் விதி மாறும் என்பதால் படைத் தலைவியிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். முகாமில் இரவு தங்க நேர்ந்தால் உறங்குமிடமும் கழிவறையும் தனியாக இருக்க வேண்டும். "ஆண்தானே, சுமை தூக்கட்டும்" என்று உங்களை ஒதுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமைக்கவோ தைக்கவோ தெரிந்தால் அதைக் கற்றுக்கொடுக்க முன்வாருங்கள். சிறுமியர் அதை இன்னும் ஆவலாகக் கேட்பார்கள்.